அப்பன் சட்டை வாசம்

சிங்காரப்பேட்டை கோவிந்தப்பனுக்கு இரண்டு தாரம். இளையவள் வயிற்றில் பிறந்த கடைக்குட்டி நாராயணப்பன். மூத்தவள் மக்களுக்கு நிலம் போனது, இவனுக்கு ஓசூர் போகும் பஸ்தான் கிடைத்தது என்று உறவுக்குள் சொல்வார்கள். தொரப்பள்ளிப் பக்கம் பழைய பேட்டரி உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். கல்லாவி மாதேஸ்வரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே வாடகைக்குக் குடியிருந்தான்.

சுத்தபத்தமான ஆள். பட்டறையிலிருந்து வந்தால் சோப்பு போட்டுத் தலையோடு குளித்த பிறகுதான் மகள் ஹரிணியைத் தூக்குவான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்தும் உடம்பு தேறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பும். வந்த பேச்சும் நின்றுபோனது.

அந்தச் சமயத்தில்தான், பிள்ளைகள் உடம்பில் ஈயம் எப்படிச் சேருகிறது என்று ஆராய்ச்சி செய்யும் டாக்டர்கள் பெங்களூரிலிருந்து தெருவுக்கு வந்து ரத்தம் எடுத்தார்கள். மற்ற பிள்ளைகளைவிட ஹரிணிக்குப் பல மடங்கு. ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், ஆனால் வந்து சேரும் வழியை அடைத்துவிட்டால் ரத்தத்தில் இறங்கும் என்றார் ரெனிட்டா டாக்டர்.

வழி எது என்பதுதான் தெரியவில்லை. போர்வெல் தண்ணீரைப் பார்த்தார்கள். மஞ்சள்தூள், குங்குமம், பாத்திரம், சுவர்ப் பெயிண்ட் எல்லாவற்றையும் பார்த்தார்கள். எதிலும் அவ்வளவு இல்லை. நாராயணப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. குளித்துவிட்டுத்தானே தொட்டேன் என்று மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுமுறை டாக்டர் வந்தபோது ஹரிணி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்துக்கு அடியில் காக்கிச் சட்டை, அதன் காலர் முனை வாயில்.

"இது என்னக்கா?"

"அவங்க அப்பா சட்டைங்க மேடம். அவரு ஷிப்டு போயிட்டா பாப்பா தூங்காது. இதப் போட்டா கம்முனு தூங்கிடும்."

"துவைச்சதா?"

மாதேஸ்வரி சிரித்துவிட்டாள். "தொவச்சா வாசம் போயிடுமேங்க."

பிள்ளை திடுக்கிட்டு அழுதால் அப்பன் கழற்றிப்போட்ட சட்டையைத் தூளியில் விரிப்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அத்தைமார் எல்லோரும் செய்ததுதான். டாக்டர் சிரிக்கவில்லை. ஈரப் பஞ்சால் சட்டையைத் துடைத்து எடுத்துப்போனார். சட்டை முழுக்க ஈயத் தூள் என்று முடிவு வந்தது.

நாராயணப்பன் வாசற்படியில் உட்கார்ந்தான். "நான் குளிச்சேன், சட்ட குளிக்கல" என்றான்.

யார் மேலும் குற்றமில்லை, வேலைத் துணி இனி வீட்டுக்குள் வரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறை முதலாளி முனகிக்கொண்டே தகரம் அடைத்த ஒரு மூலையும் குழாயும் ஒதுக்கினார். சட்டையை அங்கேயே துவைத்துக் காயப்போட்டு, குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு வந்தான். வீட்டையும் ஈரத்துணியால் துடைத்தார்கள். ஆனால் பிள்ளை தூங்க மறுத்தது. மாதேஸ்வரி தூளியை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாராயணப்பன் பட்டறைக்குப் போடாத வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பட்டறைத் தூசு எட்டாத தூரத்தில் இருந்த சிநேகிதன் கந்தனின் கேழ்வரகு நிலத்தில் போய்க் கொத்தினான். உச்சி வெயில். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"கூலி வேண்டாம்னு கொத்தறியே, உன் மாமனார் நெலமாடா இது?" என்றான் கந்தன்.

"பாப்பாவுக்குச் சட்ட நனைக்கறேன்."

வீட்டுக்கு வந்து, சட்டையைக் காயவைத்துத் தூளியில் விரித்தான். ஹரிணி காலரைத் தேடி வாயில் வைத்தாள். சற்று நேரத்தில் தூங்கிப்போனாள்.

சில மாதங்கள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது, இன்னும் இறங்கும் என்று ரெனிட்டா டாக்டரே போன் செய்தார். நாராயணப்பன் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான். அடுப்படியில் ஹரிணி, "களி, களி" என்று தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறும் வழக்கம்போல் நாராயணப்பன் சட்டை நனைக்கப் போனபோது கந்தன் நிலத்தில் இல்லை. மண்வெட்டியை மட்டும் இவனுக்காக வரப்பில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.