வுர்யானியின் நாக்கு

வுர்யானிக்கு இருபத்திரண்டு வருடமாகச் சோறு போட்டது அவளுடைய நாக்கு. ஜாவாத் தீவில், செமாராங் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், சோயாவும் பனைவெல்லமும் சேர்த்து இனிப்புச் சோயாச் சாறு காய்ச்சும் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவள் அவள். காலை ஏழு மணிக்கு ஆறு அண்டாக்களிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி வரும். நாக்கில் வைப்பாள், கண்ணை மூடுவாள், துப்புவாள், தாளில் எழுதுவாள். வேலை நாளில் காரமான மிளகாய்ச் சம்பல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

பழைய மேலாளர் பாக் சஸ்மிதோ தேநீர்க் குவளையோடு தாமே வந்து நிற்பார். ஆணுக்கு 'பாக்', பெண்ணுக்கு 'இபு' என்று மரியாதை போட்டுத்தான் அந்த ஊரில் பேசுவார்கள்.

"இபு வுர், இன்னைக்கு நாக்கு என்ன சொல்லுது?"

"ரெண்டாவது அண்டா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கு, பாக். வெல்லம் புதுசா?"

அவர் சிரித்துக்கொண்டே வெல்லக் கிடங்குக்கு ஓடுவார். அந்தக் கேள்விக்காகவே வுர்யானி விடியுமுன் எழுந்து கிளம்புவாள். அவர் ஓய்வு பெற்றுப் போனார், அந்தக் கேள்வியும் கூடவே போய்விட்டது.

அடுத்து வந்தவர் பாக் குனாடி. ஜகார்த்தாவிலிருந்து ருசியை அளக்கும் மீட்டர்களோடு வந்திறங்கினார். ஒரு காலை, பதினொரு பேர் நடுவில் வுர்யானி சொன்னாள்: "மூணாவது அண்டால லேசா கருகல் இருக்கு, பாக்."

அவர் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "மீட்டர் சரின்னு சொல்லுது. உன் நாக்க யாரு கேட்டா? டிக் போட்டுட்டுப் போ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரியை 'இபு' போடாமல், 'நீ' என்று! ஜகார்த்தாக்காரர்கள் ரயில் ஏறும்போதே மரியாதையை நடைமேடையில் இறக்கி வைத்துவிட்டு வருவார்கள் போலிருக்கிறது. வுர்யானி என்ன செய்தாள்? நம் செமாராங் பக்கத்துப் பெண்கள் செய்வதைத்தான் செய்தாள். புன்னகைத்தாள், "ஆகட்டும் பாக்" என்றாள், டிக் போட்டாள்.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் டிக்தான். நாக்குக்கு ஒரு குறையும் இல்லை, அதற்கு எல்லாம் தெரிந்தது. கைதான் அதை எழுத மறுத்தது. நோன்பு மாதத்துக்கு முன்னால் நாலாவது அண்டா ஒரு வாரம் கருகியது. ஏழு நாளும் 'சரி' என்று எழுதினாள். நானூறு பெட்டிகள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. பாக் குனாடி கொதிகலன்காரனைத் திட்டினார், வெல்ல வியாபாரியைத் திட்டினார். வுர்யானியை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவளிடம் கேட்டிருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றாததுதான் அவளுக்கு வலித்தது.

வீட்டில் அவள் கணவன் துகிரான், மோட்டார் சைக்கிள் மெக்கானிக், மாலைச் சமையல் அவனுடையது. அவன் மட்டும் பழையபடி கரண்டியை நீட்டுவான்: "என்ன சொல்லுது?" அவளும் 'மாஸ்' என்று கூப்பிடும் அவனிடம் மட்டும் பழையபடி வாய் திறப்பாள்: "எலுமிச்சை இலை எங்க, மாஸ்? அதுக்கும் லீவா?"

"பெருநாள் வரட்டும்," என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். "எல்லாரும் வரிசையா நின்னு மன்னிப்புக் கேப்போம்ல. அப்ப ஒரு தடவ 'இபு வுர்'னு சொன்னாப் போதும். மன்னிப்பு கூட வேணாம் எனக்கு."

பெருநாள் விடுமுறை முடிந்த முதல் நாள், மேலாளர் முதல் பெருக்குகிறவர் வரை முற்றத்தில் வரிசை கட்டினார்கள். வுர்யானி புதுச் சட்டை போட்டிருந்தாள். அவள் முறை வந்ததும் பாக் குனாடியின் கையை இரண்டு கையாலும் பற்றினாள்.

"பாக், என் பிழையப் பொறுத்துக்கங்க. நாலாவது அண்டா கருகினது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

அந்த வரிசை முழுவதிலும் உண்மையாகக் கேட்கப்பட்ட மன்னிப்பு அது ஒன்றுதான்.

"ஆமா ஆமா, வெளியிலயும் உள்ளத்துலயும் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கணும்," என்று பெருநாளில் எல்லாரும் சொல்லும் வாசகத்தையே ஒப்பித்தார் அவர். கண் அடுத்து நின்ற கணக்கர் மேல் இருந்தது. "நகரு, பின்னாடி ஆளு நிக்குது."

கை நழுவிப் போயிற்று. அவள் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

அன்று மாலை துகிரான் தேங்காய்ப்பால் குழம்பைக் கொதிக்கவிட்டுக் கரண்டியை நீட்டினான். வுர்யானி வாயில் வைத்தாள், விழுங்கினாள்.

"சரியா இருக்கு."

அவன் ஒரு வாய் வைத்துப் பார்த்தான். அடுப்பை அணைத்தான். "வுர், நான் உப்பே போடல."

"தெரியும்."

அவன் எதிரே வந்து உட்கார்ந்தான். பெருநாள் வரிசையில் நடந்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. மறுபடி கரண்டியை முக்கி, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான்.

"சொல்லுங்க, இபு வுர். நாக்கு என்ன சொல்லுது?"

ஒரு வருடமாக ஏங்கிய வார்த்தை. சொல்ல வேண்டியவர் வாயிலிருந்து அது வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. வுர்யானி வாய்விட்டு அழுதாள். கரண்டியை ஏந்திய அவன் கை இறங்கவில்லை.

"உப்பு இல்ல, மாஸ்," என்றாள் கடைசியில். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.