என் மார்பகத்தைப் பற்றி என்னிடம் கேட்ட டாக்டர்

சென்ற மாதம் எனக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய் என்று முடிவு வந்தது. எங்கள் ஊர்ப்பக்க மருத்துவமனை ஒன்றில் மார்பகத்தை முழுதாக எடுக்க நாளும் குறித்துவிட்டார்கள். வேறு வழி உண்டா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கல்லூரித் தோழிதான் "இன்னொரு டாக்டரையும் பாருடி" என்று பிடிவாதம் பிடித்தாள். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை கணவரும் நானும் ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினோம். இதே காரணத்துக்காகப் பயணப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை 6.40க்கு எங்கள் ஊரான குளுவாங்கில் புறப்பட்டோம். மருத்துவமனை வரை சுமார் 110 கிலோமீட்டர். போகவர பெட்ரோலும் டோலும் சேர்த்து 52 ரிங்கிட். முதல் டாக்டர் தந்த கடிதம் ஒட்டிய உறையில் என் மடியில் இருந்தது. டாக்டருக்கு எழுதியதை நோயாளி பிரிக்கக்கூடாது என்பது என் நினைப்பு. பட்டம் வாங்கியும் இந்த லட்சணம்.

வழியில் சிம்பாங் ரெங்கத்தில் பசியாற நிறுத்தினோம்.

"ரெண்டு தே தாரிக். அவங்களுக்குச் சீனி கொறச்சல்," என்றார் கணவர்.

"அக்காவுக்கு வாய் இருக்குல்ல லா, அவங்க சொல்லட்டும்," என்றார் கடைக்கார பாய். மூவரும் சிரித்தோம். நுரைக்க ஆற்றிய தேநீரும் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் சேர்த்து 11 ரிங்கிட் 40 காசு.

9.20க்குப் போய்ச் சேர்ந்தோம். 10.15க்கு அழைத்தார்கள். டாக்டர் தமிழ்ப் பெண். உறையைப் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தோலையும் காம்பையும் வச்சுக்கிட்டு உள்ள மட்டும் எடுக்கிற முறை பத்தி ஏற்கனவே பேசியிருக்காங்க. ஏம்மா வேணாம்னுட்டீங்க?"

"நான் எப்ப டாக்டர் சொன்னேன்?"

கடிதத்தை என் பக்கம் திருப்பினார். 'கணவரிடம் பேசப்பட்டது. தேவையில்லை என்றார்.' ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் படம் வரைந்து விளக்கினார். என் கட்டி காம்பிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, அதனால் முயன்று பார்க்கலாம். உள்ளே இருப்பதை எடுத்த கையோடு செயற்கைப் பை வைத்து உருவம் தருவார்கள். காம்பில் உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. ரத்த ஓட்டம் குறைந்து அது கருகிப்போகும் வாய்ப்பும் உண்டு. "யோசிச்சிட்டு ரெண்டு மணிக்கு வாங்க," என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் கேட்டேன். "ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"ஒரே தடவையில முடியட்டும்னுதான் செலின். உனக்கு வலி கூடுமே. நாப்பத்தாறு வயசுல இனி யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன். தினம் ரெண்டு வேளை குளிக்கிறேன்ல?"

"தப்புதான்."

"உங்க தப்பு மட்டும் இல்ல. அன்னிக்கு நான் அடுத்த ரூம்லதான் சட்டை மாத்திக்கிட்டிருந்தேன். அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியாம உங்ககிட்ட கேட்டாரே, அந்த டாக்டருக்கு என்ன அவசரம்?"

போன வருடம் இந்தக் காரின் கதவை மாற்றும்போது, கார் என் பெயரில் இருக்கிறது என்று பட்டறைக்காரர் என்னை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார். கதவுக்கு இருந்த மரியாதை என் மார்புக்கு இல்லை. என் கணவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. நல்லவர்கள் நம் நன்மைக்காக முடிவெடுத்துவிட்டு, நம்மிடம் சொல்லவும் மறந்துவிடுகிறார்கள்.

போகிறவர்கள் ஸ்கேன் படங்களையும் திசுப் பரிசோதனை முடிவையும் கையோடு கொண்டுபோங்கள். கடிதத்தை முதலில் நீங்கள் படியுங்கள். கட்டி காம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேளுங்கள். எல்லோருக்கும் இந்த முறை பொருந்தாது. பொருந்தாது என்பதையும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். ஆலோசனைக் கட்டணம் 180 ரிங்கிட், கார் நிறுத்த 6.

இரண்டு மணிக்குத் திரும்பிப் போனேன். இன்னும் இரண்டு வாரத்தில் அங்கேயே, அந்த முறையிலேயே அறுவை சிகிச்சை. அப்போதே காம்புக்கு அடியில் இருக்கும் திசுவைச் சோதிப்பார்கள். அதில் நோய் தெரிந்தால் காம்பையும் எடுத்தாக வேண்டும். அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். படிவத்தை வாங்கி, 'எடுத்துவிடுங்கள். வெளியே போய் யாரையும் கேட்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.