சின்னத்தையின் மூச்சு

பரீட்சை அட்டையும் பேனாவுமாக எங்கள் குப்பத்துக்கு வருகிறவர்களை நான் நம்புவதில்லை. கரையை அளக்க வந்தவர்களும் முதலில் நலம்தான் விசாரித்தார்கள். அதனால், பொன்னேரியிலிருந்து ஒரு பெண் வந்து, கக்குவான் இருமலுக்கு மூக்கில் விடுகிற தடுப்பு மருந்து தயாராகிறது, அதற்காகப் பெரியவர்களின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றபோது, மடியில் கைக்குழந்தையோடு இருந்த எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருமல் வந்தால் ஆபத்து குழந்தைக்கு, குச்சி எங்கள் மூக்கிலா? ஊசிதான் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. ஊசி போட்டவருக்கு நோய் முற்றாது, ஆனால் கிருமி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி அடுத்தவருக்குப் போகலாம், அதை மூக்கிலேயே மறிக்கத்தான் இந்த முயற்சி, மருந்து வர இன்னும் வருஷங்கள் ஆகும் என்றாள். பெரியவர்களுக்கு அது வெறும் இருமலாகத் தெரியும், சிலருக்கு அதுவும் தெரியாது. ஊசி போடும் வயது வராத பச்சைக் குழந்தைக்கோ மூச்சே நின்றுபோகலாம் என்றாள். நன்றாகத்தான் கதை விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை என் மாமியாரின் தங்கை, சின்னத்தை, வழக்கம்போல் குழந்தையைக் குளிப்பாட்ட வந்தார். குப்பத்தில் பாதிப் பேர் அவர் காலில் கிடந்து குளித்தவர்கள், என் கணவரும்தான். நீட்டிய கால்களில் குழந்தையைப் போட்டு வெந்நீர் ஊற்றினார். நடுவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். மழை விட்டதிலிருந்து அவருக்கு அந்த இருமல் இருந்தது. கருவாட்டுத் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, மூக்கில் ஏறிய தண்ணீரை எடுக்க, எப்போதும் செய்வதுபோல் குழந்தையின் மூக்கில் வாய் வைத்து ஊதக் குனிந்தார்.

குழந்தையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னாடி, எம் மூச்சு மேலியே சந்தேகமா?"

"ஆமா சின்னத்த. சந்தேகந்தான்."

ஈரக் கால்களோடு எழுந்து போனவர்தான், அப்புறம் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. கணவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தைக்கு நானே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். முதல் நாள் துடைத்து முடித்ததும், ஆசையாக முத்தமிடக் குனிந்தேன். என் மூக்கை மட்டும் யார் பார்த்தார்கள் என்று தோன்றியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்கு முத்தமிடாமல் நிமிர்ந்தபோதுதான், சின்னத்தைக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.