பங்களாச் செடிக்குப் பட்ட தீட்டு

செடிக்கும் தீட்டுப் படும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களாவுக்குப் பட்லராக இருந்தவர். ஆறடி உயரம், வெள்ளைக் கோட்டு, தலையில் பெரிய தலைப்பா, அதற்குள்ளே ஒன்றும் கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "செத்துப் போனவரை இப்படியா பேசுறது" என்கிறாள். செத்தால் மட்டும் அறிவு வந்துவிடுமா? எழுதடி என்றேன்.

அப்போது எனக்கு இருபது வயதிருக்கும். முந்தின வருஷம்தான் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு மழையில் மலையேறி, ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளையை இழந்திருந்தேன். மறுபடி உண்டானதும் என் புருஷன் கங்காணியின் காலைக் கையைப் பிடித்து என்னைப் பங்களா உள்வேலைக்கு அனுப்பினார். உண்டாகியிருப்பதை மட்டும் மறைத்துவிட்டோம். பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தள்ளிக்கொண்டு விருந்தாளிகள் முன்னால் நடக்கக் கூடாதாம். தெரிந்தால் மலைக்குத் திருப்பிவிடுவார்கள். கூட்டிப் பெருக்குகிறவளுக்கு வயிறு இருக்கக் கூடாது, கூடை சுமக்கிறவளுக்கு இருக்கலாம். நல்ல சட்டம். வயிறு தெரிகிற வரைக்குமாவது அங்கே ஓட்டிவிட்டால் இந்தப் பிள்ளை தங்கிவிடும் என்று இருந்தேன்.

துரைசாணி கண்ணாடி ஜன்னலோரம் பன்னிரண்டு சின்னத் தொட்டிகளில் சீமைக் கன்றுகள் வைத்திருந்தாள். இலை வெல்வெட்டு மாதிரி மெத்தென்று இருக்கும். பெயர் என் வாயில் நுழையவில்லை. லயத்து ஒற்றை அறைக் காம்பராக்களில் எங்கள் பிள்ளைகள் குளிரில் விறைத்துக் கிடக்க, இந்தச் செடிகளுக்கு இராப்பகலாகக் கணப்பு எரிந்தது.

முதலில் நான் குசினி அடுப்போரத்து அண்டாத் தண்ணீரைத்தான் ஊற்றிவந்தேன். செடி நன்றாக இருந்தது. அது பட்லருக்குப் பொறுக்கவில்லை.

"சீமைச் செடிக்கு அடுப்படித் தண்ணியா? விடிய முன்ன பீலியில புதுத் தண்ணி புடிச்சு, எல மேல பனி விழுற மாதிரி தெளி" என்றார்.

பீலி என்பது மலை ஊற்றிலிருந்து மூங்கில் குழாய் வழியாக வந்து விழுகிற தண்ணீர். விடிகாலையில் அதில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். சொன்னபடி தெளித்தேன். பத்து நாளில் இலையெல்லாம் மஞ்சள் புள்ளி. சிலது பொட்டு மாதிரி, சிலது வளையம் மாதிரி.

துரை வந்து பார்த்தார். கோப்பி அழிந்த கதையைக் கேட்டே வளர்ந்த மனுஷன். இலை மஞ்சளித்துத்தான் அந்தக் கோப்பித் தோட்டமெல்லாம் போனது. இலையைத் திருப்பி விரலால் தேய்த்தார். கோப்பி நோயில் வருகிற தூள் ஒட்டவில்லை. தன் தேயிலைக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் அவருக்குச் செடியின்மேல் இருந்த அக்கறையும் போய்விட்டது.

துரைசாணி பட்லரைக் கேட்டாள். அவர் என்னைக் காட்டினார்.

"வீட்டுக்குத் தூரமான நாள்ல தொட்டிருக்கா துரைசாணி. எங்க ஊருல வெத்திலைக் கொடியே கருகிப் போயிரும்."

பிறகு அதையே தன் இங்கிலீசில் சொன்னார். அவள் முகத்தைச் சுளித்தாள். நான் இனிச் செடிப் பக்கம் போகக் கூடாது, மாசக் கடைசிக்குள் புள்ளி நிற்காவிட்டால் மலைக்குப் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

தூரமாக வழியே இல்லாமல் நாலாம் மாதத்தில் நின்றவளுக்கு இந்தப் பழி. உண்மையைச் சொன்னால் பழி போகும், கூடவே வேலையும் போகும். எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். வாயை மூடிக்கொண்டு செடியைப் பார்த்தேன்.

பார்க்கத் தெரிந்தவளுக்கு அதில் ஒரு மாயமும் இல்லை. மேல் இலையில் புள்ளி. அது மூடியிருந்த கீழ் இலையில் மூடிய இடம் மட்டும் பச்சை. திரைச்சீலை மறைத்த கடைசித் தொட்டியில் ஒரு புள்ளிகூட இல்லை. அதையும் தினமும் தொட்டவள் நான்தான். என் தீட்டு திரைச்சீலைக்குப் பயந்துவிட்டதா? கணப்புச் சூட்டில் இருந்த பிஞ்சு இலையில் பச்சைத் தண்ணீர் துளி விழுந்த இடமெல்லாம் மஞ்சளித்திருக்கிறது, அவ்வளவுதான். தூங்குகிற பிள்ளையின் முகத்தில் பீலித் தண்ணீரை அடித்தால் அது மட்டும் சிரிக்குமா?

பட்லர் தானே தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருந்தார். கம்பளியை விட்டு எழுந்து பீலிக்குப் போக உடம்பு வணங்கவில்லை. "செடி கொஞ்சம் காயணும், அப்பத்தான் தீட்டுப் போகும்" என்று அதற்கும் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார். தினமும் அவர் பின்வாசலில் சுருட்டுப் பிடிக்கிற நேரத்தில், துடைப்பமும் கையுமாகப் போய், குசினியில் பதமாகச் சூடாக்கிய தண்ணீரை இலையில் படாமல் மண்ணில் ஊற்றினேன். பழைய புள்ளி போகாது. ஆனால் புதிதாக விட்ட இலையெல்லாம் சுத்தமாக வந்தது.

மாசக் கடைசியில் துரைசாணிக்கு ஒரே சந்தோஷம். பட்லர் தொண்டையைச் செருமினார்.

"பாத்தீங்களா? இவ கை படல, செடி தெளிஞ்சிருச்சு."

நான் செய்த வைத்தியமே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அப்படியானால் இவள் வேண்டாம் என்று துரைசாணி சொல்லிவிட்டாள். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை.

"தெனமும் ஊத்துனது நாந்தான், தொட்டது நாந்தான். எனக்கு அஞ்சு மாசமாத் தூரமே இல்ல, வயித்துல புள்ள இருக்கு" என்றேன்.

பட்லர் அதை இங்கிலீசில் எப்படித் திரித்தாரோ தெரியாது. புள்ள என்ற சொல் அவளுக்கே தெரிந்திருந்தது. என் வயிற்றைப் பார்த்தாள். செடியைப் பார்க்கவில்லை. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆளை எண்ணி வேலை பிரிக்கிற இடத்தில், என் பெயரைக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பினார்கள்.

பக்கத்து நிரைப் பெண்கள் என் கொழுந்தில் பாதியைத் தங்கள் கூடையில் போட்டுச் சுமந்தார்கள். அவர்கள் புண்ணியத்தில் பிள்ளை தங்கியது. மாதம் முந்திப் பிறந்தாலும் உயிரோடு பிறந்தது.

ஒன்பதாம் நாள் பட்லர் லயத்துக்கு வந்தார். வாசலுக்குத் தள்ளி, மூக்கில் துவாயை வைத்துக்கொண்டு நின்றார். நான் போன பிறகு பழையபடி பீலித் தண்ணீர், பழையபடி மஞ்சள். இன்னும் ஒரு இலையில் புள்ளி விழுந்தால் வேலையை விட்டுப் போகவேண்டும் என்று இந்த முறை துரைசாணி அவரிடமே சொல்லியிருந்தாளாம்.

"ஏ புள்ள, நீ அப்ப என்னா தண்ணி ஊத்துன?"

"உள்ள வாங்க, சொல்றேன்."

"புள்ள பெத்த காம்பரா..."

"ஆமாங்க, தீட்டுத்தான். வெளிய நின்னா எனக்குச் சொல்ல வராது."

அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு தலைப்பாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து உள்ளே வந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்த தண்ணீர் சட்டியில் பாதி இருந்தது.

"கைய விடுங்க."

விட்டார்.

"இந்தச் சூடு. மண்ணுல ஊத்தணும், எல மேல படக்கூடாது. போங்க."

அதற்குப் பிறகு செடியில் ஒரு புள்ளி விழவில்லை. தீட்டைக் கழித்துவிட்டேன் என்று பட்லர் தோட்டம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார். எந்தத் தண்ணீரில் கை நனைத்துவிட்டுப் போனார் என்பதை மட்டும் சாகிற வரைக்கும் வாய் திறக்கவில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன், அந்தத் தண்ணீரில் குளித்தவளையே எழுத வைத்து.