வெள்ளிக்கிழமை போட்ட ஊசி

1. பம்பாயிலிருந்து போன்

ஆறு பேரும் விமானம் ஏறியாயிற்று என்ற செய்திக்காக, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாளையங்கோட்டை மிஷன் அலுவலகத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். கென்யா, உகாண்டா, தான்சானியா, சாம்பியா என்று நான்கு நாடுகளில் எட்டு மாத ஊழியப் பயணம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், தடுப்பூசி, பெட்டிக்கு இருபது கிலோ எல்லாம் என் பொறுப்பு. எனக்கு அப்போது முப்பது வயது. என்னை விட்டால் அந்த ஆபீஸில் ஆள் இல்லை என்ற நினைப்பும் கொஞ்சம் உண்டு.

போன் வந்தது. குழுத் தலைவரான போதகர் ஐயா பேசினார். ஐந்து பேர் ஏறுகிறோம், ஜெபமணியை மட்டும் கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள், அவருடைய மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை செல்லாதாம் என்றார்.

“என்ன குறைன்னு கேக்க நேரமில்ல தம்பி. கர்த்தர் ஏதோ நோக்கத்தோடதான் தடுத்திருக்காரு.”

அவர் பேசும்போதே நான் ஃபைலைப் புரட்டினேன். அட்டையின் நகல் இருந்தது. பார்த்ததும் தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

மற்ற ஐந்து பேருக்கும் ஒரு மாதம் முன்பே மெட்ராஸில் ஊசி போட்டாயிற்று. ஜெபமணிக்கு அப்போது அம்மை போட்டிருந்ததால், பிறகு தனியாகப் போய் ஒரு வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டு வந்தார். பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று என்று விரல்விட்டு எண்ணினேன். அடுத்த வார ஞாயிறு பத்து. அந்த நாளுக்கே டிக்கெட் எடுத்தேன். பெரிய வெள்ளியில் மரித்தவர் ஞாயிறன்று மூன்றாம் நாள் எழுந்தார் என்று வாராவாரம் சொல்லுகிறவன் வேறு எப்படி எண்ணுவான்? அட்டைக்காரர்கள் ஊசி போட்ட நாளைச் சேர்ப்பதில்லை. அவர்கள் கணக்கில் அட்டை செல்லுபடியாவது திங்கள். ஒரே ஒரு நாள் குறைவு.

எல்லாம் தெரிந்துகொண்டே, “ஆமா ஐயா, கர்த்தருடைய சித்தம்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

2. பொன்னாடை போட்ட ஆள்

ஜெபமணி அண்ணாச்சி வள்ளியூர்க்காரர். ஐம்பது வயது, அடிபம்பு மெக்கானிக். ஆப்பிரிக்காவில் மிஷன் ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கெட்டுக் கிடந்த பம்புகளைச் சரிசெய்வதற்காகவே அவரைக் குழுவில் சேர்த்திருந்தோம். அவருக்குச் சபையில் பொன்னாடை போர்த்தி, தலையில் கை வைத்து ஜெபித்து, ரயில்வே ஜங்ஷனில் பேண்ட் வாத்தியத்தோடு வழியனுப்பியிருந்தார்கள். இவர்களுக்காக ஜெபியுங்கள் என்று ஆறு பேர் படமும் போட்ட ஜெப அட்டை ஜில்லா முழுக்கப் போயிருந்தது. அப்படி அனுப்பிவைக்கப்பட்ட மனிதர் ஐந்தாம் நாள் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

அவரால் முடியவில்லை. பம்பாயிலிருந்து ரயிலில் வந்தவர் ஜங்ஷன்வரை வராமல் கோவில்பட்டியிலேயே இறங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அடுத்த சீட் மூன்று வாரம் கழித்துத்தான். அதுவரை யார் கண்ணிலும் படக் கூடாது என்றார். அவருடைய வீட்டம்மாவுக்கு மட்டும் சொல்லிவிட்டு, அவரை மணிமுத்தாறில் பி.டபிள்யூ.டி. குவார்ட்டர்ஸில் இருந்த என் மைத்துனர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கவுன்டரில் இங்கிலீஷில் சொன்ன காரணம் அவருக்குப் புரிந்திருக்கவில்லை; நானும் உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பார்க்கப் போனேன். அங்குள்ள சின்ன வேதக் கோயிலில் இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். உபதேசியார் ஜெப அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆப்பிரிக்கக் காடுகளில் அலைந்து திரியும் ஜெபமணி சகோதரனைச் சிங்கங்களின் வாய்க்குத் தப்புவியும் என்று உருக்கமாக ஜெபித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. என் பக்கத்தில் அண்ணாச்சியும் பைய ஆமென் சொன்னார். நான் சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்துக்கொண்டேன். படத்தில் அவர் இரவல் கோட்டும் டையுமாக இருந்ததால் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

வெளியே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. வெயிலில் பார்த்தால் மனிதர் பாதியாக இளைத்திருந்தார். வந்த நாள் முதல் ஒரு நேரம்தான் சாப்பிடுகிறார் என்று மைத்துனர் சொன்னார். சும்மா இருக்க முடியாமல் குவார்ட்டர்ஸ் பம்பைக் கழற்றி வாஷர் மாற்றியிருந்தார். அந்தப் பம்படியில் நின்றுகொண்டு டிக்கெட் உறையை என் கையில் கொடுத்தார்.

“நான் போகல தம்பி. அம்மை போட்டது மொத எச்சரிக்கை, நான் கேக்கல. பம்பாய்ல வெச்சு கதவையே அடைச்சிட்டாரு. அஞ்சு பேரு அட்டை செல்லுது, எனக்கு மட்டும் செல்லல. அப்போ குத்தம் எங்கிட்டதானே இருக்கு?”

அந்தக் குற்றத்தைத் தேடித்தான் ஒரு வாரமாக உபவாசம் இருந்திருக்கிறார். கிணற்றுப் பங்கு விஷயத்தில் அவருடைய அண்ணனோடு பன்னிரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, மன்னிப்புக் கேட்டு அண்ணனுக்குக் கடிதமும் போட்டுவிட்டார்.

“ஜெபிப்போம் அண்ணாச்சி” என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எங்கள் ஆபீஸில் அந்த வார்த்தை எப்போதும் கைவசம் இருக்கும். ஆனால் ஒரு நல்ல மனிதர் என் தவறுக்காகப் பட்டினி கிடப்பதை அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“எங்க, எண்ணிக் காட்டுவே” என்றார்.

வெள்ளி ஒன்று, சனி இரண்டு என்று அவர் முன்னால் விரல் மடக்கினேன். அடுத்த ஞாயிறு பத்து என்று முடித்தேன்.

“ஒரு வாரமா எம் பாவத்த எல்லாம் தோண்டித் தோண்டிப் பாத்தேன்வே. செத்துப்போன எங்க அப்பாகிட்ட சொன்ன பொய் வரைக்கும் பாத்துட்டேன். கடைசியில ஒன் வெரல் கணக்கா?”

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. பம்பை நாலு அடி அடித்து முகத்தைக் கழுவினார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, “அண்ணனுக்குப் போட்ட கடிதாசிய இனிமே திருப்பி வாங்கவும் முடியாதே” என்றார். சொல்லிவிட்டு என் கையிலிருந்த உறையைப் பிடுங்கிக்கொண்டார்.

3. பேண்ட் இல்லாத வழியனுப்பு

இரண்டாம் தடவை ஜங்ஷனில் பேண்டும் இல்லை, மாலையும் இல்லை. அவருடைய வீட்டம்மா, நான், ஒரு தூக்குச்சட்டி இட்லி, அவ்வளவுதான். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது, வெள்ளை வேட்டி கட்டிய உயரமான ஒருவர் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் ஒரு இன்லண்ட் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணன். கொண்டுவந்த கருப்பட்டிப் பையை ஜன்னல் வழியே கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, “வெயிட்டு கூடிராதுல்லா?” என்று கேட்டார்.

கூடாது என்றேன். கூடும் என்று எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

போதகர் ஐயாவுக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். அவரோ அறிக்கையில், சகோதரர் இருவரை ஒன்றாக்கவே கர்த்தர் பயணத்தைத் தடுத்தார் என்று எழுதினார். இருக்கலாம், அதில் நான் தர்க்கம் செய்யவில்லை. ஆனால் ஃபைலில் சிவப்பு மையில், “ஊசி அட்டை ஒரு நாள் குறைவு. எண்ணியவன் நான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எந்தத் தேதியையும் இரண்டு பேர் தனித்தனியே எண்ணாமல் டிக்கெட் எடுக்க விட்டதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு காரியம் தடைபட்டால் முதலில் ஃபைலைத் திறந்து பாருங்கள். கர்த்தருடைய சித்தத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஐந்து மாதம் கழித்து சாம்பியாவிலிருந்து எனக்கு ஒரு படக் கார்டு வந்தது. அண்ணாச்சியின் கோணல் கையெழுத்தில் இரண்டே வரி.

“இதுவரைக்கும் பதினேழு பம்பு சரிபண்ணியாச்சு. எண்ணினது நான், அதனால நம்பலாம்.”