கல்யாணசுந்தரி காத்த மூச்சு

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைப் பக்கம் போய்வரும் மினிபஸ்ஸில் லிங்கராஜ் டிரைவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. படுத்த மாத்திரத்தில் குறட்டை கிளம்பிவிடும். "உழைச்ச உடம்பு, கொடுத்துவச்ச உறக்கம்" என்று தெருவே சொல்லும். அந்தக் குறட்டை நடுவில் அறுந்துபோகும் என்பது அவர் மனைவி கல்யாணசுந்தரிக்கு மட்டுந்தான் தெரியும். மூச்சு நின்றுவிடும். இவள் எழுந்து உட்கார்ந்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு, கிணற்றில் முங்கி எழுந்தவரைப்போல் திணறிக்கொண்டு மூச்சு திரும்பும். முதலில் பதறினாள். வருஷம் போகப்போகப் பதற்றமும் போய்விட்டது. சும்மா பார்ப்பாள்.

அமுக்குவான் பேய்தான் நெஞ்சில் ஏறி உட்காருகிறது என்றார் மாமனார் கருத்தையா. அதனால் தலைமாட்டில் அரிவாளும் பழைய விளக்குமாறும் வைத்தாள். சுடலைமாடன் திருநீறு பூசினாள். சாமி கைவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் மூச்சு திரும்பித்தான் வந்தது. ஆகையால் பேய்தான் என்பதும் உறுதியாகிவிட்டது.

அந்த வீட்டில் யாருக்குமே தூக்கம் ஒழுங்கில்லை. மாமனார் பொழுது அடைந்ததும் படுத்து, கோழி கூவுமுன் எழுந்து நடப்பார். மகன் மாரிராஜுக்கு விடியும்வரை கண் மூடாது. வெயில் ஏறினாலும் எழமாட்டான்.

"ஏலே, தாத்தா எந்திரிக்கையில நீ படுக்க."

"ஷிப்ட் மாத்திக்கிடுதோம்மா" என்பான்.

சிரிப்பெல்லாம் ஒருநாளோடு நின்றது. லிங்கராஜ் ஓட்டிவந்த பஸ் ரோட்டைவிட்டுப் பருத்திக்காட்டில் இறங்கிவிட்டது. மழை பெய்திருந்த கரிசல், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. "கண்ணு சொக்கிட்டு" என்றார், அவ்வளவுதான்.

கல்யாணசுந்தரி அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். வீட்டுக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"பேய் இல்லம்மா, தூக்கத்துல தொண்டை அடைக்குது. நடுவயசுல இது அதிகம். இளவயசுல தூக்கம் தள்ளிப்போகும், வயசானா சீக்கிரம் முழிப்பு வரும். எல்லாத்தையும் ஒண்ணா நினைக்காதீங்க. பெரியாஸ்பத்திரில பரிசோதனை முடியுற வரைக்கும் இவர் வண்டியைத் தொடக்கூடாது. மல்லாக்கப் படுக்க விடாதீங்க. உங்களுக்குத் தூக்கம் எப்படி?"

"எனக்கென்ன, நான் உறங்குததே இல்லையே."

இந்த நாற்பத்தேழு வயதில் தனக்கு ராத்திரி உடம்பு திகுதிகுவென்று எரிந்து வேர்ப்பதையும் சொல்லியிருக்கலாம். அதுவும் ஒரு கோளாறு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"வண்டி ஓட்டாம வீட்ல பல்லாங்குழி ஆடவா?" என்று லிங்கராஜ் மறுநாளும் கிளம்பத் தயாரானார். அவர் குளித்து வருமுன் கல்யாணசுந்தரி பஸ் முதலாளி மகாராஜாவின் வாசலில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, அவிய உறங்கிக்கிட்டே ஓட்டுதாவ. வண்டியக் குடுக்காதிய."

"ஏம்மா, ஒம் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போடுதியே?"

"ஆமா அண்ணாச்சி."

திரும்பி வருகையில் அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை.

வண்டி கிடைக்காமல் லிங்கராஜ் வீடு திரும்பினார். சோற்றைப் பாதியில் தள்ளிவிட்டு மத்தியானமே மல்லாக்கப் படுத்தார். குறட்டை கிளம்பியது, அறுந்தது. கல்யாணசுந்தரி தோளைப் பிடித்து ஒருக்களித்துத் திருப்பினாள். விழித்தவர் அவள் கையைத் தட்டிவிட்டார். ஆனால் மறுபடி மல்லாக்கத் திரும்பவில்லை. மூச்சு ஒரே சீராக வரத் தொடங்கியது.

"முருகா" என்று சொல்லி அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.