லாக்கடியில் ஏழு வருஷம்

சுனாமியில் என் மனைவியின் தங்கை போய்விட்டாள். அதற்குப் பிறகு, கடல் சத்தம் கேட்கிற இடத்தில் குடியிருக்கவே மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். சிதம்பரத்துக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையில், பழைய லாக்கை ஒட்டிய புறம்போக்கில் மண்சுவர் வைத்துக் கூரை போட்டோம். நான் வலையை விட்டுவிட்டுக் கொத்து வேலைக்குப் போனேன்.

லாக் என்றால், கால்வாய்க்குள் எதிரெதிரே இரண்டு செங்கல் சுவர். கதவுகள் எப்போதோ போய், இரும்புக் கொக்கிகள் மட்டும் மிச்சம். அது எதற்கென்றே எனக்குத் தெரியாது. சர்வேக்கு வந்த இன்ஜினியர்தான் சொன்னார்.

"கால்வாய்த் தண்ணி மேல, உப்பனாத்துத் தண்ணி கீழ. படகு உள்ள வந்ததும் ரெண்டு பக்கமும் கதவ சாத்திட்டு, தண்ணிய மெள்ள எறக்குவாங்க. படகும் கூடவே எறங்கும். நெல்லு, உப்பு எல்லாம் இப்படித்தான் போச்சு. இப்ப திரும்ப படகு விடப்போறாங்க."

அவருடன் வந்தவர் எங்கள் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு எண் எழுதினார்.

"அப்ப எங்க வீடு சார்?"

"வேல ஆரம்பிச்சா எடுக்கணும்பா. ஆனா லாக்குக்கு ஆள் வேணும். உனக்குக் கொத்து வேல தெரியுதே, உன் பேர எழுதிக்கிறேன்."

எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன்.

அதை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லாக் சுவரில் முளைத்த அரசங்கன்றுகளை வெட்டினேன். வேரைச் செதுக்கி எடுத்து, விரிசல்களில் சுண்ணாம்புக் கலவை அடைத்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஊராருக்கெல்லாம் கல்வீடு கட்டிய நான், என் மண்சுவரை மாற்றவில்லை. எடுக்கப்போகிற வீடுதானே என்று இருந்துவிட்டேன்.

குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனியில் இருந்த மச்சினன் ஒருநாள் வந்தான். "மாமா, கம்பெனில ஆள் எடுக்கறாங்க. வந்துடுங்க."

"லாக் வேல வந்துடும்டா" என்றேன்.

"இவுரு செவுத்துக்குத்தான் வாக்கப்பட்டுருக்காரு" என்றாள் மனைவி. மச்சினன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இன்ஜினியர் திரும்ப வரவில்லை. ஆபீசில் கேட்டால், மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். தானே புயலில் எங்கள் கூரை பறந்தது, மண்சுவரும் விழுந்தது. நிவாரண வீடு கேட்டு மனு கொடுத்தோம்.

"அது நீர்வழிக்கு ஒதுக்குன எடம். அங்க வீடு தர முடியாது" என்றார் கிராம அலுவலர்.

தார்ப்பாயின் கீழ் நான்கு மாதம் இருந்தோம். கோடையில் ஒரு பொக்லைன் வந்து லாக் பக்கத்தில் நின்றது. ஓடிப்போய் டிரைவரைக் கேட்டேன்.

"வெள்ளம் வடிய எடஞ்சலா இருக்காம். இடிக்கச் சொல்லிட்டாங்க."

"இதுல படகு வரப்போவுதுன்னாங்களே?"

"அப்படியா?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றவருக்குச் சாயங்காலம் வரை ஆனது. அவ்வளவு கெட்டியான கட்டுமானம். நான் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மனைவி அந்த நேரத்தில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். போகலாமா என்று என்னைக் கேட்கவில்லை.

இப்போது குடிகாட்டில், மச்சினன் பார்த்துக்கொடுத்த ஒற்றை அறையில் இருக்கிறோம். அவன் கம்பெனியில் மறுபடியும் கேட்டுப் பார்த்தான். எனக்கு வயது தாண்டிவிட்டதாம். கம்பெனிக் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் மனைவிக்கு இருமல் வந்துவிடுகிறது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன். சாத்தினாலும் வாடை உள்ளே வருகிறது.